ஒருமுறைப் பணியும் அதன் நினைவும்: யூனிக்ஸ் முதல் சிஸ்டம்டி வரை தொடக்கச் சேவைகளின் மறுதொடக்கத் தடுப்பு

ஆய்வுச் சுருக்கம்

கணினி தொடங்கும்போது ஒரே ஒரு முறை மட்டும் நடைபெற வேண்டிய பணிகள், பின்னர் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் தற்செயலாக மீண்டும் நடைபெறுவதைத் தடுக்க யூனிக்ஸ் மரபு இயங்குதளங்கள் மேற்கொண்ட வழிமுறைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் (1979), பெர்க்லி 4.2 (1983), சிஸ்டம் ஃபைவ் (1983), லினக்ஸின் சிஸ்வி இனிட், அப்ஸ்டார்ட் (2006), சிஸ்டம்டி (2010) ஆகியன காலநிரலில் ஒப்பிடப்படுகின்றன. 'ஒருமுறை' என்பது பணியின் இயல்பன்று. 'செய்து முடிந்தது' என்னும் நினைவை எங்கே, எவ்வளவு காலத்திற்கு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்த ஏற்பாடே அது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இனிட், ஆர்சி, இனிட்டேப், சிஸ்டம்டி, ஒன்ஷாட், குறிக்கோப்பு, தொடக்கச் சேவை

1. முன்னுரை

லினக்ஸின் தொடக்க அமைப்பு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சிஸ்டம்டியின் வருகையை ஒரு முறிவாகவே சித்திரிக்கின்றன. ஆதரிப்போர் அதனைப் பழமையிலிருந்து விடுதலை என்பர். எதிர்ப்போர் யூனிக்ஸ் மரபிலிருந்து விலகல் என்பர். இவ்விரு தரப்பும் வேகம், அளவு, அதிகாரக் குவிப்பு ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. இவற்றைக் காட்டிலும் சிறியதும், ஆனால் தொடர்ச்சியாகப் பின்தொடரத்தக்கதுமான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டால் அவ்வரலாறு வேறு வடிவில் புலப்படுகிறது. ஒருமுறைப் பணியை மீண்டும் ஓடவிடாமல் காப்பது எப்படி என்பதே அச்சிக்கல்.

தொடக்கத்தில் நடைபெறும் பணிகள் இருவகைப்படும். வலைச்சேவையகம், அச்சுவரிசை போன்றவை தொடங்கியபின் தொடர்ந்து இயங்குபவை; இவை நின்றுவிட்டால் மீண்டும் தொடங்குவதே முறை. தற்காலிகக் கோப்புகளை அகற்றுதல், கோப்பு முறைமையைச் சரிபார்த்தல், தீயரண் விதிகளை ஏற்றுதல், கணினியின் அடையாளத் திறவிகளை உருவாக்குதல் போன்றவை ஒருமுறை செய்து முடிந்துவிடுபவை. இவை முடிந்தபின் எந்தச் செயல்முறையும் எஞ்சுவதில்லை. முதல்வகைப் பணி நடக்கிறதா என்பதை அச்செயல்முறை உயிருடன் இருப்பதைக் கொண்டு அறியலாம். இரண்டாம் வகைக்கு அத்தகைய சான்று இல்லை. பணி முடிந்துபோனதற்கும் பணி தொடங்கப்படாததற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லாமையே இச்சிக்கலின் வேர்.

விளைவுகளும் சிறியவை அல்ல. தொடக்கத்தில் தற்காலிகக் கோப்புகளை அழித்தல் தீங்கற்றது. நண்பகலில் பயனர்கள் பணியாற்றும்போது அழித்தல் அவர்களது வேலையைக் குலைக்கும். அடையாளத் திறவிகள் மீண்டும் உருவாக்கப்பட்டால் அக்கணினியை முன்பு நம்பிய பிற கணினிகள் அனைத்தும் அதனை அயலானாகக் கருதி எச்சரிக்கும்.

2. இனிட், ஆர்சி: இடத்தால் அமைந்த வேறுபாடு

பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்ட யூனிக்ஸில், கருநிரல் முதலில் உருவாக்கும் பயனர்நிலைச் செயல்முறை இனிட் ஆகும். 1971 நவம்பரில் வெளிவந்த முதற்பதிப்புக் கையேட்டிலேயே இனிட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு.

1979இன் ஏழாம் பதிப்பில் இதன் நடைமுறை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. இனிட் முதலில் கட்டுப்பாட்டு முனையத்தில் ஒற்றைப் பயனர் நிலையில் ஒரு ஷெல்லைத் திறக்கும். அந்த ஷெல் முடிந்ததும் ஆர்சி என்னும் கட்டளைக் கோப்பை ஓட்டும். தற்காலிகக் கோப்புகளை அகற்றுதல், கோப்பு முறைமைகளை ஏற்றுதல், பின்னணிச் சேவைகளைத் தொடங்குதல் ஆகியவை இக்கோப்பின் பணிகள். அதன்பின் ஒவ்வொரு முனையத்திற்கும் ஒரு நுழைவுச் செயல்முறையை இனிட் உருவாக்கும். பயனர் வெளியேறியதும் அம்முனையத்திற்குப் புதியதொரு செயல்முறையை மீண்டும் உருவாக்கும்.

ஒருமுறைப் பணிக்கும் மீளும் பணிக்குமான வேறுபாடு இங்கே பெயரிடப்படவில்லை; இடத்தால் மட்டுமே குறிக்கப்பட்டது. ஆர்சியில் எழுதப்பட்டது ஒருமுறை நடக்கும். முனையப் பட்டியலில் இருப்பது திரும்பத்திரும்ப நடக்கும்.

இவ்வேற்பாட்டில் ஓர் இடைவெளி இருந்தது. ஹேங்அப் சமிக்ஞையைப் பெற்றால் இனிட் பல்பயனர் நிலையை விட்டு ஒற்றைப் பயனர் நிலைக்குத் திரும்பும். பராமரிப்பு முடிந்து மீண்டும் பல்பயனர் நிலைக்குச் செல்லும்போது அதே ஆர்சி மறுபடியும் ஓடும். கணினி அணைக்கப்படவில்லை, கருநிரல் மாறவில்லை, ஆயினும் தொடக்கப் பணிகள் இரண்டாம் முறை நடைபெறும். 'தொடக்கம்' என்பது கருநிரல் எழும் கணமா, பல்பயனர் நிலைக்குள் நுழையும் கணமா என்னும் கேள்வி இவ்விடத்திலேயே பிறந்துவிட்டது.

3. பெர்க்லியின் விடை: அழிந்துபோகும் குறிக்கோப்பு

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழிப் பதிப்புகள் இக்கேள்விக்கு இரு சிறு விடைகளைக் கண்டன. முதலாவது, தானாக நிகழும் தொடக்கத்தின்போது மட்டும் ஆர்சிக்கு 'ஆட்டோபூட்' என்னும் சொல்லை இனிட் வழங்குவது. அச்சொல் இருந்தால் மட்டுமே ஆர்சி கோப்பு முறைமையைச் சரிபார்க்கும். நிர்வாகி கையால் ஒற்றைப் பயனர் நிலையிலிருந்து திரும்பினால் அச்சொல் வராது, சரிபார்ப்பும் நடவாது.

இரண்டாவது, 4.2 பதிப்பில் இடம்பெற்ற 'ஃபாஸ்ட்பூட்' என்னும் வெற்றுக்கோப்பு. முறையாக நிறுத்தப்பட்ட கணினியில் அடுத்த தொடக்கத்தின்போது வட்டுச் சரிபார்ப்புத் தேவையில்லை என்பதை அது அறிவிக்கும். ஆர்சி அக்கோப்பைக் கண்டதும் முதலில் அதனை அழித்துவிட்டுப் பின்னரே சரிபார்ப்பைத் தவிர்க்கும். குறி ஒருமுறை படிக்கப்பட்டதும் தன் ஆற்றலை இழக்கிறது.

இவ்விரு விடைகளும் வரலாற்று நோக்கில் முக்கியமானவை. முதலாவது, நினைவை அழைப்பவரிடம் வைக்கிறது. இரண்டாவது, நினைவை வட்டில் வைக்கிறது. பின்வந்த அமைப்புகள் அனைத்தும் இவ்விரு வழிகளின் விரிவாக்கங்களே.

4. சிஸ்டம் ஃபைவ்: வேறுபாட்டுக்குப் பெயரிடல்

ஏடி அண்டு டி நிறுவனம் 1983இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ், இனிட்டேப் என்னும் அட்டவணையின் வழி இவ்வேறுபாட்டை வெளிப்படையாகப் பெயரிட்டது. ஒவ்வொரு வரியிலும் ஒரு செயற்சொல் இருக்கும். 'ரீஸ்பான்' எனில் இறந்ததும் மீண்டும் உருவாக்கு என்பது பொருள். 'ஒன்ஸ்' எனில் அந்த இயங்குநிலைக்குள் நுழையும்போது ஒருமுறை தொடங்கு, இறந்தால் மீண்டும் தொடங்காதே என்பது பொருள். 'பூட்வெயிட்' எனில் கணினி எழுந்தபின் ஒற்றைப் பயனர் நிலையிலிருந்து பல்பயனர் நிலைக்கு முதன்முறை செல்லும்போது மட்டும் ஓட்டி, முடியும்வரை காத்திரு என்பது பொருள்.

'ஒன்ஸ்', 'பூட்வெயிட்' ஆகிய இரண்டும் தமிழில் 'ஒருமுறை' என்றே பெயர்க்கத்தக்கவை. ஆனால் அவற்றின் எல்லைகள் வேறு. முன்னது ஓர் இயங்குநிலைக்குள் நுழைவதை எல்லையாகக் கொள்கிறது; நிலை மாறி மீண்டும் நுழைந்தால், முன்னைய செயல்முறை முடிந்துபோயிருப்பின் அது திரும்ப ஓடும். பின்னது கருநிரலின் வாழ்நாளை எல்லையாகக் கொள்கிறது. ஏழாம் பதிப்பில் எஞ்சியிருந்த இடைவெளியை 'முதன்முறை' என்னும் சொல்லால் பூட்வெயிட் அடைத்தது. அந்நினைவு இனிட் செயல்முறையின் நினைவகத்திலேயே இருந்தது.

5. லினக்ஸில் சிஸ்வி இனிட்: பங்கிடப்பட்ட பொறுப்பு

லினக்ஸுக்கு மிகெல் வான் ஸ்மூரன்பர்க் எழுதிய சிஸ்வி இனிட் இவ்வட்டவணையை ஏற்று, 'சிஸ்இனிட்' என்னும் செயற்சொல்லைப் பிற தொடக்கப் பணிகளுக்கு முன்னர் ஓடுவதாக வைத்துக்கொண்டது. ஆனால் பெரும்பாலான சேவைகள் அட்டவணையில் அல்லாமல், இயங்குநிலைக் கோப்பகங்களில் உள்ள தனித்தனி ஷெல் நிரல்களில் இருந்தன. இனிட் அறிந்தது அவற்றை ஓட்டும் ஒரே ஒரு நிரலை மட்டுமே. எந்தச் சேவை முன்னரே தொடங்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது.

எனவே அந்நினைவை வழங்கல்கள் தத்தம் வழியில் உருவாக்கிக்கொண்டன. ரெட்ஹேட் மரபு 'சப்சிஸ்' என்னும் பூட்டுக் கோப்பகத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வெற்றுக்கோப்பை வைத்தது. அக்கோப்பு இருந்தால் இயங்குநிலை மாற்றத்தின்போது அச்சேவை மீண்டும் தொடங்கப்படாது. டெபியனின் ஆர்சி நிரல், முந்தைய நிலையில் தொடங்கப்பட்டுப் புதிய நிலையில் நிறுத்தப்படாத சேவையை விட்டுவிடும். முன்னது குறிக்கோப்பைக் கொண்டும், பின்னது கோப்பகங்களை ஒப்பிட்டும் ஒரே முடிவை எட்டின.

குறிக்கோப்பு முறைக்கு உள்ளார்ந்த ஒரு குறை உண்டு. மின்தடையால் கணினி திடீரென நின்றால் வட்டில் குறி எஞ்சிவிடும். அடுத்த தொடக்கத்தில் சேவை தொடங்கப்படாமலே 'தொடங்கப்பட்டது' எனக் கருதப்படும். ஆகவே தொடக்கத்தின் முதற்கட்டத்திலேயே பழைய குறிகளைத் துடைத்தெடுக்கும் பணி தேவைப்பட்டது. அப்பணியும் ஒருமுறைப் பணியே. இயங்கும் கணினியில் அது மீண்டும் ஓடினால் எல்லாச் சேவைகளின் நினைவும் அழிந்துவிடும். மறதியைத் தடுக்க வந்த ஏற்பாடே மறதிக்கு வழியாயிற்று. 2011இல் 'ரன்' என்னும் நினைவகக் கோப்பகம் அறிமுகமானபோதுதான் இச்சுழல் ஓரளவு உடைந்தது. அதில் இருப்பவை கணினி அணையும்போது தாமாகவே மறையும். துடைப்பதற்குத் தனிப்பணி வேண்டியதில்லை.

மற்றொரு திசையிலிருந்தும் மறுதொடக்கம் வந்தது. மென்பொருள் தொகுப்பு மேம்படுத்தப்படும்போது அதன் சேவையும் மீண்டும் தொடங்கப்படுவது வழக்கம். இதனைத் தடுக்க டெபியன், தொகுப்புகள் சேவையை நேரடியாக அழைக்காமல் 'இன்வோக்-ஆர்சி.டி' என்னும் இடைநிரல் வழியாக அழைக்கும்படி செய்தது. நிர்வாகி எழுதும் கொள்கை நிரல் 101 என்னும் எண்ணைத் திருப்பினால் அச்செயல் மறுக்கப்படும். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத் தடுக்கும் கருத்து இங்கே உருப்பெற்றது.

6. நிலையை நினைவில் கொள்ளும் அமைப்புகள்

2005இல் இரு முக்கிய மாற்றங்கள் நிகழ்ந்தன. சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 10, சேவை மேலாண்மை வசதியில் 'டிரான்சியன்ட்' என்னும் வகையை அமைத்தது. செயல்முறை எதுவும் எஞ்சாவிடினும் அச்சேவை 'ஆன்லைன்' நிலையில் இருப்பதாகவே கொள்ளப்படும். அவ்வாண்டே ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் லாஞ்ச்டி அறிமுகமாயிற்று. அதன் கையேடு விவரிக்கும் 'லாஞ்ச் ஒன்லி ஒன்ஸ்' என்னும் திறவுச்சொல், கணினியை முழுமையாக மறுதொடக்கம் செய்யாமல் பாதுகாப்பாக மீண்டும் ஓட்ட இயலாத பணிக்கு உரியது. நாம் ஆராயும் சிக்கலுக்கு இதனினும் நேரடியான அறிவிப்பு வேறில்லை.

லினக்ஸில் ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதி, 2006 அக்டோபரில் உபுண்டு 6.10உடன் வந்த அப்ஸ்டார்ட் நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் 'டாஸ்க்' எனக் குறிக்கப்பட்ட பணி முடிந்ததும் 'நின்றது' என்னும் நிலைக்குத் திரும்பும். அதனைத் தூண்டும் நிகழ்வு மறுபடியும் நேர்ந்தால் பணியும் மறுபடி நடக்கும். பிணைய இடைமுகம் எழும் நிகழ்வு ஒவ்வோர் இடைமுகத்திற்கும் தனித்தனியே நேரும். அதனைச் சார்ந்த பணி அத்தனை முறையும் ஓடும். முதன்மைக் கட்டளை இல்லாமல் முன்தொடக்கப் பகுதி மட்டும் கொண்டு பணியை எழுதுவதே இதற்குத் தீர்வாயிற்று. அத்தகைய பணி ஓடி முடிந்தபின்னும் 'இயங்குகிறது' என்னும் நிலையிலேயே நிற்கும். நிகழ்வு மீண்டும் வந்தாலும் அசையாது.

7. சிஸ்டம்டி: மூன்று அடுக்குக் காப்பு

லென்னார்ட் போய்ட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோரின் சிஸ்டம்டி 2010 ஏப்ரல் 30 அன்று அறிவிக்கப்பட்டது. 2011இல் ஃபெடோரா 15, 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவை அதனை இயல்பமைப்பாக ஏற்றன. இதில் ஒருமுறைப் பணிக்கு 'ஒன்ஷாட்' என்னும் வகை உண்டு. இப்பெயர் தவறான எதிர்பார்ப்பைத் தரக்கூடியது. ஒன்ஷாட் என்பது பணி முடியும்வரை அதனைச் சார்ந்தவை காத்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே குறிக்கும். அது மீண்டும் ஓடாது என உறுதியளிப்பதில்லை. பணி முடிந்ததும் அலகு செயலற்ற நிலைக்குத் திரும்புகிறது. ஒரு வாரம் கழித்து அதனைச் சார்ந்த வேறொரு சேவையை நிர்வாகி மறுதொடக்கம் செய்தால், சார்பு விதிப்படி செயலற்றிருக்கும் ஒன்ஷாட் அலகும் மீண்டும் தொடங்கப்படும். கட்டளை இட்டவர் அவ்வலகின் பெயரைக்கூட உச்சரித்திருக்க மாட்டார்.

இதற்கான முதல் அடுக்குக் காப்பு 'ரிமெய்ன் ஆஃப்டர் எக்சிட்' என்னும் அமைப்பு. இது இருந்தால் பணி முடிந்தபின்னும் அலகு செயல்நிலையில் இருப்பதாகவே சிஸ்டம்டி கொள்ளும். மீண்டும் தொடங்கச் சொன்னால் எதுவும் நடவாது. கையேட்டின் எடுத்துக்காட்டிலும் ஒரு தீயரண் சேவையே இவ்வமைப்புடன் காட்டப்பட்டுள்ளது. பழைய ஆர்சி-லோக்கல் கோப்பை ஓட்டுவதற்காகச் சிஸ்டம்டி வைத்திருந்த அலகிலும் இவ்வமைப்பு இருந்தது. 1979இல் இடத்தால் குறிக்கப்பட்டது இங்கே நிலையால் குறிக்கப்படுகிறது. எனினும் 'தொடங்கு' என்பதை மட்டுமே இவ்வடுக்கு தடுக்கும். 'மறுதொடக்கு' என்றால் அலகு நிறுத்தப்பட்டுப் பணி மீண்டும் ஓடும். திரும்பத்திரும்ப இயங்கவேண்டிய நேரங்காட்டி அலகுகளுக்கு இது பொருந்தாது என்றும் கையேடு எச்சரிக்கிறது. முதன்முறைக்குப்பின் அவை ஓடவே மாட்டா.

இரண்டாம் அடுக்கு, 'ரெஃப்யூஸ் மேனுவல் ஸ்டார்ட்', 'ரெஃப்யூஸ் மேனுவல் ஸ்டாப்' ஆகிய அமைப்புகள். இவை பயனரின் நேரடிக் கோரிக்கையை மறுக்கும். மறுதொடக்கம் என்பது நிறுத்தலும் தொடங்கலும் சேர்ந்ததாகையால், இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் அதுவும் மறுக்கப்படும். ஆனால் சார்பு வழியாக மறைமுகமாக வரும் கோரிக்கையை இவை தடுப்பதில்லை. முதல் அடுக்கு விட்ட இடத்தை இரண்டாம் அடுக்கும், இரண்டாம் அடுக்கு விட்ட இடத்தை முதல் அடுக்கும் காப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது. வலுவான சார்பு கொண்ட வேறோர் அலகு வெளிப்படையாக நிறுத்தப்பட்டாலோ மறுதொடக்கம் செய்யப்பட்டாலோ அவ்விளைவு ஒருமுறைப் பணிக்கும் பரவும் என்பதால், சார்பின் வகையையும் கவனித்துத் தேர்தல் வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, பணிக்குள்ளேயே அமைந்த பகுப்பு. தற்காலிகக் கோப்புகளை நிர்வகிக்கும் டெம்ப்ஃபைல்ஸ் கருவியின் விதிகளில் வியப்புக்குறி இடப்பட்ட வரிகள் தொடக்கத்தின்போது மட்டுமே ஓட்டத்தக்கவை. இயங்கும் கணினியை அவை குலைக்கக்கூடும் எனக் கையேடு கூறுகிறது. எக்ஸ் வரைகலைச் சேவையகத்தின் பூட்டுக் கோப்புகளை அகற்றும் விதி அத்தகையது. தொடக்கத்தில் அவை முந்தைய அமர்வின் எச்சங்கள். பின்னர் அவையே நடப்பு அமர்வின் உடைமைகள். தொடக்கக் கட்டத்தில் இக்கருவி ஒரு சிறப்புச் சொல்லுடன் அழைக்கப்படும்போது மட்டுமே அவ்வரிகள் செயற்படும். பெர்க்லியின் 'ஆட்டோபூட்' சொல் ஆற்றிய பணியும் இதுவே.

8. 'ஒருமுறை' என்பதன் மூன்று காலஅளவுகள்

மேற்கண்டவை ஒவ்வொரு தொடக்கத்திற்கும் ஒருமுறை என்னும் பொருளிலானவை. கணினியின் வாழ்நாளுக்கே ஒருமுறை நடக்கவேண்டியவையும் உள. இவற்றின் நினைவு வட்டில்தான் இருத்தல் இயலும். சிஸ்டம்டியில் ஒரு கோப்பு இல்லாதிருந்தால் மட்டும் ஓடு என்னும் நிபந்தனையும், முதல் தொடக்கம் என்றால் மட்டும் ஓடு என்னும் நிபந்தனையும் இதற்காக உள்ளன. ஃபெடோராவில் பாதுகாப்பு ஷெல்லின் திறவியை உருவாக்கும் அலகு, திறவிக்கோப்பு வெறுமையாக அல்லது இல்லாதிருந்தால் மட்டுமே ஓடும். இங்கே தனிக் குறிக்கோப்பு தேவைப்படவில்லை. பணியின் விளைபொருளே அதன் நினைவாகிறது. குறியும் விளைவும் வேறுவேறாக இருந்தால் அவை முரண்படக்கூடும். ஒன்றாகவே இருந்தால் முரணுக்கு இடமில்லை. ஆகவே இவ்வழி ஏனையவற்றினும் உறுதியானது.

மேகக் கணிமை மூன்றாவது அளவைக் கொண்டுவந்தது. ஒரே வட்டுப்படிமத்திலிருந்து பல கணினிகள் பிறக்கும்போது வட்டிலுள்ள குறியும் படியெடுக்கப்படுகிறது; புதிய கணினி, தான் செய்யாத பணியைச் செய்ததாக நம்பும். கிளவுட்-இனிட் கருவி இதனை உணர்ந்து ஒவ்வொரு தொடக்கத்திற்கும், ஒவ்வொரு கணினிப் பிறப்புக்கும், படிமத்திற்கு ஒரே முறை என மூன்றாகப் பணிகளைப் பிரித்தது. பிறப்பு அடையாள எண் மாறினால் பழைய குறிகள் செல்லா.

2023 ஜூலையில் வந்த சிஸ்டம்டி 254ஆம் பதிப்பின் மென்மறுதொடக்கம் இக்கேள்வியை மீண்டும் திறந்துள்ளது. இதில் கருநிரல் மாறாமல் பயனர்நிலை மட்டும் புதிதாக எழுகிறது; 'ரன்' கோப்பகம் அப்படியே எஞ்சுகிறது. சேவைகளின் நிலை நினைவு அழிவதால் ஒன்ஷாட் பணிகள் மீண்டும் ஓடும். ஆனால் 'ரன்' கோப்பகத்தில் குறி வைத்த பணி, தான் முடிந்துவிட்டதாகவே கருதும். ஏழாம் பதிப்பில் ஒற்றைப் பயனர் நிலையிலிருந்து திரும்பியபோது எழுந்த அதே ஐயம் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் வேறு வடிவில் திரும்பியுள்ளது.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

முதலாவது, சிஸ்டம்டியின் வருகை இச்சிக்கலைப் பொறுத்தவரை முறிவன்று. அழைப்பவர் தரும் சொல், வட்டில் வைக்கும் குறி, முதற்செயல்முறையின் நினைவகம் ஆகிய மூன்று வழிகளும் 1983க்குள்ளேயே தோன்றிவிட்டன. பின்னர் நிகழ்ந்தது, தனித்தனி நிரல்களிடம் சிதறிக்கிடந்த பொறுப்பு மீண்டும் முதற்செயல்முறையிடம் திரும்பியதே. இனிட்டேப்பில் பூட்வெயிட் எழுதிய நிர்வாகியும் அலகுக் கோப்பில் ரிமெய்ன் ஆஃப்டர் எக்சிட் எழுதும் நிர்வாகியும் ஒரே உறுதியையே நாடுகின்றனர்.

இரண்டாவது, எந்த ஒரு வழியும் தனித்து முழுமையானதன்று. நினைவகத்திலுள்ள நினைவு தேவைக்கு முன்னரே அழியலாம். வட்டிலுள்ள நினைவு தேவைக்குப் பின்னரும் எஞ்சலாம். எனவே பணியின் எல்லை எதுவோ, அதே வாழ்நாள் உடைய இடத்தில் அதன் நினைவை வைப்பதே பொருந்தும்.

மூன்றாவது, மீண்டும் ஓடினாலும் தீங்கு நேராத வகையில் பணியை எழுதுவது தடுப்பினும் மேலானது. முன்னரே இயங்கும் சேவையைத் தொடங்கச் சொன்னால் இரண்டாம் படியைத் தொடங்காமல் வெற்றி எனத் திருப்புமாறு டெபியன் கொள்கை கோருவது இந்நோக்கத்தாலேயே. அவ்வாறு எழுத இயலாத பணிகளுக்கு மட்டுமே மேற்கண்ட காப்புகள் தேவைப்படுகின்றன. இயங்குதளங்களின் வரலாற்றை எழுதுவோர் பெருமாற்றங்களோடு இத்தகைய சிறு ஏற்பாடுகளையும் பின்தொடர்ந்தால், முறிவு எனப்பட்டவற்றுள் பல தொடர்ச்சிகளே என்பது விளங்கும்.